ஐந்தாவது அம்மா

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறைகளைத் தாண்டி வரும் காலை வெயில் எங்கள் சாப்பாட்டு மேசையில் விழுகிறது. நான்கு அம்மாக்களின் பதினோரு பிள்ளைகளும் ரொட்டியைத் தொடாமல் நிற்கிறோம். அப்பா ஆர்டித்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறார். நேற்றுவரை பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்; என்னைப் போலவே பதினைந்து வயது. வெள்ளைக் கல்யாண உடையின் கைநுனியில் தையற்காரி குத்திய குண்டூசி இன்னும் மின்னுகிறது. “நம்ம சபைத் தீர்க்கதரிசிக்குத் தேவ வாக்கு வந்துடுச்சு. இனிமே இவ உங்களுக்கு அஞ்சாவது அம்மா. வெர்லீன், நீதான் மூத்தவ, கூப்பிடு,” என்கிறார் அப்பா. நான் அந்தக் குண்டூசியையே பார்க்கிறேன். என்னைப் பெற்றவள் பின்னாலிருந்து, “சொல்லிடுடி, பெல்ட்டைக் கழட்டிடுவாரு,” என்று முணுமுணுக்கிறாள். “அம்மா,” என்கிறேன். ஆர்டித் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறாள்.