பனி போட்டு வளர்த்த மரம்

ஏப்ரல் பிறந்தும் ஊரே பனியை வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ரோவீனா மட்டும் கொட்டகை நிழலில் மிச்சமிருந்த பனியைத் தள்ளுவண்டியில் வாரி வந்து, வாசல் மரத்தின் அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு நோரீன் அதை வேலியோரம் நின்று பார்த்தாள். போன மாதம்தான் ஜார்ஜியாவிலிருந்து இந்த வெர்மான்ட் மலைக்குக் குடிவந்தவள். தன் வாசலிலும் இதே போல ஒரு சர்விஸ் மரம் வைக்க வேண்டும், இலை வருமுன்னே அது வெள்ளை வெளேரென்று பூத்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒரு பாட்டில் பீச் ஜாமோடு யோசனை கேட்க வந்திருந்தாள்.

கேட்டதற்கெல்லாம் ரோவீனா பதில் சொன்னாள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். உரத்தைக் கொட்டிக் கெடுக்காதே. பழத்தில் பாதி பறவைக்குத்தான், அதற்கு மல்லுக்கு நிற்காதே. எல்லாம் சரிதான், ஆனால் சுவரோடு பேசுவது போலிருந்தது நோரீனுக்கு.

"எப்ப நடலாம்?"

"இது பூத்தப்புறம். அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல மண்வெட்டி இறங்காது. மண்ணு கல்லாக் கிடக்கு."

அந்த மரத்தை வைத்தது ரோவீனாவின் மகன் கேலப் என்று தெரிந்தது. அவன் இப்போது எங்கே என்று நோரீன் கேட்டு வைத்தாள்.

"கீழே டவுன்ல. சர்ச்சுக்குப் பின்னால ஒரு கல்லுக் கட்டடம். ஜனவரியில இருந்து அங்கதான்."

"கல்லுக் கட்டடமா? குளிருமே."

"குளிரும்," என்றாள் ரோவீனா. அடுத்த வண்டிப் பனிக்குப் போய்விட்டாள்.

ஏதோ சர்ச் விடுதி போலிருக்கிறது, தாய்க்கும் பிள்ளைக்கும் மனத்தாங்கல் என்று நோரீன் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். புது ஊரில் துருவித் துருவிக் கேட்கவும் கூச்சம்.

அப்போது ஆர்லோ தன் பழைய பிக்கப் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஊரில் யாருக்கு எங்கே தோண்ட வேண்டுமானாலும் அவர்தான். வாய் ஓயாத மனுஷன். நேற்றுகூட நோரீனின் மெல்லிய செருப்பைப் பார்த்து, கடற்கரைக்கா கிளம்பிட்டே என்று வாரியவர். இன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மொட்டுகளை அண்ணாந்து பார்த்தார்.

"என் வீட்டுப் பக்கம் மண்ணு இளகிடுச்சு, ரோவீனா."

"இங்க இளகல."

"சரி. பூத்ததும் சொல்லு. நானே போய் அவனைக் கொண்டு வந்துடறேன்."

நோரீனுக்கு மனசு கேட்கவில்லை. மரம் பூத்தால் பிள்ளை வந்துவிடுவான். இந்த அம்மாளோ, மூடி வைத்தால் கதகதப்பு என்று நினைத்துக்கொண்டு, வேரில் பனியைக் கொட்டிப் பூவைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் ரோவீனா கடைக்குப் போன நேரம் பார்த்து, நோரீன் மண்வாரியோடு வந்தாள். அடிமரத்தைச் சுற்றிக் குவிந்திருந்த பனியை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் வாரி எறிந்தாள். இடுப்பு கழன்றது. ஆனால் கறுப்பு மண்ணில் வெயில் விழுந்தபோது சந்தோஷமாக இருந்தது. நுனிக்கிளையில் ஒரு மொட்டு வெள்ளை காட்டியிருந்தது.

ரோவீனா திரும்பி வந்து பார்த்தாள். கோபிக்கவில்லை, அழவில்லை. பையைக் கீழே வைத்தாள். மண்டி போட்டு, வெறும் கையால் பனியை அள்ளி அள்ளி மறுபடியும் வேரில் போடத் தொடங்கினாள். விரல்கள் சிவந்தது அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"விடுங்க, பூக்கட்டும். உங்க பிள்ளை வந்துடுவான்ல," என்றாள் நோரீன்.

ரோவீனா நிமிரவில்லை.

"மண்ணு இறுகிக் கிடக்கிற வரைக்கும்தாம்மா அவனைப் புதைக்காம வச்சிருப்பாங்க."