நாடி நூற்றிரண்டு

நூற்றிரண்டு.

கண்ணாடிக்காரர் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தார். ஐந்து நிமிடம் முழுதாக எண்ணி, ஐந்தால் வகுத்த கணக்கு. தப்பாக வழியே இல்லை.

போன வாரம் எழுபத்திரண்டு. அப்புறம் எழுபத்தெட்டு, எண்பத்தாறு, தொண்ணூற்று நான்கு. வெளியே பத்து நாளாகக் கொட்டும் மழையைப் போல இதுவும் நிற்பதாகத் தெரியவில்லை.

அண்ணன் போனது இதே ஐம்பத்து நான்கு வயதில். லேசாகப் படபடவென்று இருக்கிறது என்று டாக்டரிடம் போனார். "ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வீடு திரும்பியவர், வாசலில் செருப்பைக் கழற்றுமுன் சரிந்துவிட்டார். நமக்குப் படபடப்பு இல்லையே என்று கண்ணாடிக்காரர் தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொண்ட மறுநொடி படபடத்தது.

கண்ணாடி அறுத்துப் படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். கடை மூடியபின் மணல் கடிகாரம் செய்வது அவருடைய பைத்தியம். இரண்டு மருந்துப் பாட்டில்களை வாயோடு வாய் வைத்து மெழுகால் ஒட்டி, நடுவில் ஊசித்துளை விட்டு, சலித்து வறுத்த மணலை நிரப்புவார்.

அப்படிச் செய்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்று. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் அதற்குத் தனி இடம். மனைவி முட்டை வேகவைக்க அதைத்தான் கவிழ்க்க வேண்டும். கைப்பேசியில் நேரம் பார்த்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவள் குளிக்கப் போகும் நேரத்தில் அவர் நாடி பார்ப்பதும் அதை வைத்துத்தான்.

ஈரத்தலையோடு வந்த மனைவி முட்டையை வேகவைத்து அவர் முன் வைத்தாள். கரண்டி இறங்கவில்லை. தேன் மாதிரி வழிய வேண்டிய மஞ்சள்கரு கோலிக்குண்டாய் உருண்டது.

மூன்று நாளாக இதே கதைதான். முதல் நாள் சத்தம் போட்டதற்கு, மணல் விழுந்து முடிந்ததுமே இறக்கிவிட்டதாகச் சாதித்தாள். முப்பது வருஷமாகப் பொய் சொல்லாதவள் இப்போது ஏன் சொல்கிறாள்? அவருக்குச் சட்டென்று புரிந்தது. விஷயம் இவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளுக்குள் புழுங்குகிறாள். அடுப்பில் எப்படிக் கவனம் நிற்கும்?

கண்ணாடிக்காரர் வாயைத் திறக்காமல் முட்டையை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகு யாரும் கேட்காமலே, "கடைச்சாவி இன்னொரு செட்டு பீரோவுல மேல்தட்டுல இருக்கு" என்றார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உப்பு ஒரு கல் கூடினாலே ஊரைக் கூட்டுகிற மனிதர், கல்லாய் வெந்த முட்டையைப் பேசாமல் தின்கிறார். சாவி இருக்கும் இடம் வேறு சொல்கிறார்.

"சட்டையை மாட்டுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருந்தா என்னைத் திட்டியிருப்பீங்க."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். அவள் குடையைத் தேடப் போன நேரத்தில் மணல் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். கடைசியில் நாடியைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டு, எழுபத்து நான்கு, ஒன்றுமில்லை என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்கு வாசலில் கிடந்த அண்ணனின் ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது.

"உங்க வாட்ச்சுல என்னமோ கோளாறு சார். வீட்டுல நூத்திரண்டு வருது" என்று பையைத் திறந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது நானே கையால செஞ்சது. சரியா அஞ்சு நிமிஷம். இதை வச்சு எண்ணுங்க."

"இதை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி. அவர் காதில் அது விழவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே அதைக் கவிழ்த்தார். ஒரு கையால் நாடியைப் பிடித்தார். பார்வை கைக்கடிகாரத்துக்கும் மணலுக்குமாகப் போய்வந்தது.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் புருவம் நெரிந்தது. கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மகளுக்கு யார் போன் செய்வார்கள், அவள் எப்படித் தாங்குவாள் என்று நினைத்தார்.

கடைசி மணல் விழுந்தது. டாக்டர் கையை விட்டார்.

"எத்தனை சார்?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மெழுகு விட்டிருந்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே மணல் திட்டுத்திட்டாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"நாடி அதே எழுபத்து நாலுதான். ஆனா இந்த மணல் விழுந்து முடிய ஏழு நிமிஷம் ஆச்சு. மழை ஈரம் உள்ள போயிருக்கு. ஏழு நிமிஷ நாடியைப் போய் அஞ்சால வகுத்திருக்கீங்க."

கண்ணாடிக்காரர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். எதிரே மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப முட்டை கல்லானதுக்கு நான் காரணமில்ல."