ஒரு பேட்டரி ஏறட்டும்

"யோவ், பீடியை அணைய்யா! பேட்டரி கேஸ் விடுது. வெடிச்சா மூஞ்சி மிஞ்சாது!"

மைக் செட் வேனின் பின்கதவைத் திறந்துகொண்டே பகலவன் கத்தினான். கூட்டம் பின்வாங்கியது. வேம்பு மட்டும் நகரவில்லை.

முந்தின நாள் காற்றில் மின்கம்பம் சம்பா வயலில் சாய்ந்து, ஊரில் கரண்ட் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் டிவியில் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். மயிலாடுதுறை அணியில் வேம்புவின் மகள் தமிழ்நிலா ஆடுகிறாள். அவள் டிவியில் வருவது இதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் சாலையில் பறந்து வந்த வேனை வேம்பு குறுக்கே விழுந்து மறித்தான்.

"அவசரமா வீட்டுக்குப் போறேன், வழிய விடுங்க" என்று எரிந்து விழுந்த பகலவன், கபடி என்றதும் எஞ்சினை அணைக்காமலே இறங்கிவிட்டான்.

"கும்பகோணத்துக் கல்யாணத்துல பாட்டுப் போட்டே மூணு பேட்டரியும் செத்துக் கிடக்கு."

"மூணையும் ஒண்ணா சார்ஜ்ல போடுங்க தம்பி!"

"எஞ்சின் ஓட ஓட கரண்ட் குடுக்குற ஆல்டர்னேட்டர் கருகிடும்ண்ணே. ஒரு பேட்டரி ஏறட்டும். டிவிக்கு அது போதும்."

"இந்தா, எங்க வீட்டு ஒயரு."

"இது சீரியல் லைட்டுக்குத்தான் ஆகும். தீப்பிடிக்கும். தடி ஒயரு, நடுவுல ஃபியூஸு, இன்வெர்ட்டரு, எல்லாம் என்கிட்டயே இருக்கு. தள்ளுங்க."

வேம்புவின் வாசலில் டிவி ஒளிர்ந்தது. தெருவே விசிலடித்தது.

டிவி கண்ணில் படாத வேனின் பின்பக்கத்தில் பகலவன் பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாகப்பட்டினம் அணி விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி நிமிடம், புள்ளிகள் சமம். பழைய பேட்டரி திணறி, இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று அலறியது.

"போச்சு! தம்பி, ஏதாச்சும் பண்ணுங்க!"

பகலவன் டிரைவர் சீட்டில் பாய்ந்து ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தான். எஞ்சின் உறுமியது, இன்வெர்ட்டர் அடங்கியது. ஆனால் அந்தச் சீட்டிலிருந்தும் டிவி தெரியவில்லை.

"என்னாச்சுண்ணே? யாரு கபடி பாடி வர்றா?" கழுத்தை வெளியே நீட்டிக் கத்தினான்.

"அவங்க கேப்டன்! தமிழ்நிலா காலைப் பிடிச்சிட்டா! அமுக்குடி! விடாதடி!"

தெரு வெடித்தது. யாரோ சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். வேம்பு ஓடிவந்து ஜன்னல் வழியே பகலவனைக் கட்டிக்கொண்டான்.

"ஜெயிச்சிட்டோம் தம்பி! அந்தக் கேப்டனை மண்ணைக் கவ்வ வச்சிட்டா! போதும், எஞ்சினை அணைங்க, வந்து காபி குடிங்க."

பகலவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"நீங்க வந்து கொஞ்சம் இதை மிதிச்சுக்கிறீங்களாண்ணே? ரெண்டாம் பரிசு வாங்கக் கேப்டனைக் கூப்பிடுவாங்க. என் பொண்ணு முகத்தை நான் இன்னும் பார்க்கவே இல்ல."