பத்து எம்.பி.க்குள்

வீடியோவைச் சுருக்க, பிட்ரேட் இரண்டாயிரம் என்று போட்டாள் பிரசில்லா. நூற்றிருபது எம்.பி. வந்தது.

ஐந்நூறு என்று போட்டாள். முப்பது.

வேண்டியது பத்து.

மடியில் லேப்டாப். எதிரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா. பக்கவாதம் வந்து இன்று மூன்றாவது நாள். வலது கை போர்வைக்கு மேல் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல. நாளைக் காலை தலையில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தம்பி லூர்து கப்பலில் இருக்கிறான். கரை தொட இன்னும் பதினெட்டு நாள். அந்தக் கப்பலுக்கு எழுத்து எப்போது வேண்டுமானாலும் போகும், வரும். படம், பேச்சு என்றால் ஆளுக்கு வாரம் ஒரு கோப்பு, அதுவும் பத்து எம்.பி.க்குள். கேப்டன் தங்கமானவர்தான். சாட்டிலைட்டுக்கு அதெல்லாம் தெரியுமா?

அனுப்ப வேண்டிய வீடியோ எட்டு நிமிடம். போன ஞாயிற்றுக்கிழமை, கை நன்றாக இருந்தபோது, அம்மாவே எடுக்கச் சொன்னது. பிரசில்லா புதுப் போனில், உள்ளதிலேயே உயர்ந்த தரத்தில் எடுத்தாள். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. ஒன்றேகால் ஜி.பி.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் கையில்தான்.

எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, மழையில் டெக்கில் நிற்காதே. ஏழாவது நிமிடத்தில்தான் விஷயம். அந்த விசாகப்பட்டினத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா. எனக்குச் சம்மதம். கைப்பேச்சு நானே அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். இதில் ஒரு விநாடிகூட வெட்டாமல் அனுப்பு என்று அம்மா அன்றே சொல்லியிருந்தாள்.

இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடலாம்தான். ஆனால் போன வருஷம், அவன் விரும்பிய அந்தப் பெண் வேண்டாம் என்று அம்மா சொன்னதையும் பிரசில்லாதான் எழுதினாள். எழுதியதோடு விட்டாளா? தன் பங்குக்கு நாலு வரி சேர்த்தாள். அன்றிலிருந்து தம்பி அக்காவின் எழுத்தை நம்புவதில்லை. அம்மா கையால் சொன்னால்தான் ஆயிற்று.

நூறு என்று போட்டாள். சத்தத்தோடு சேர்த்துப் பத்துக்குள் அடங்கியது.

ஓடவிட்டுப் பார்த்தாள்.

அசையாமல் இருக்கும்வரை அம்மா அம்மாவாகத்தான் இருந்தாள். கையைத் தூக்கியதும் விரல்கள் ஒன்றோடொன்று கரைந்தன. ஏழாவது நிமிடத்தில், மணிக்கட்டுக்கு மேல் சதுரம் சதுரமாக ஏதோ ஆடியது. படத்தைச் சின்னதாக்கினாள். சதுரங்களும் சின்னதாயின.

பிட்ரேட் என்பது விநாடிக்கு இவ்வளவு என்று படியளக்கிற கணக்கு. அளக்கிற படியில் ஒரு பங்கைச் சத்தம் தின்றுகொண்டிருந்தது.

சத்தத்தை எடுத்துவிட்டாள். படத்துக்கு நூற்றறுபது கிடைத்தது.

விரல்கள் வந்துவிட்டன. பத்தும்.

ஆனால் அம்மா கையால் பேசும்போது தொண்டையிலிருந்து ஒரு குரல் வரும். அது எப்படி ஒலிக்கும் என்று அம்மாவுக்கே தெரியாது. தம்பியைக் கூப்பிடும் இடத்தில் மட்டும் அது "ஊஊ" என்று நீளும். உலகத்தில் அவனை அப்படிக் கூப்பிட வேறு ஆள் இல்லை.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சத்தத்தைக் கொஞ்சமே கொஞ்சம் வைத்துப் பார்த்தாள். குரல் பானைக்குள் விழுந்த தவளையாகிவிட்டது. விரல்களும் பாதி போய்விட்டன.

மறுபடி நூறு. மறுபடி நூற்றறுபது. ஏதாவது ஒன்றைத்தான் கொடுப்பேன் என்றது மெஷின்.

இயர்போன் கொண்டுவரவில்லை. அவள் ஒலியைக் கூட்டிக் கேட்டபோது பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா அவர்கள் முகத்தைப் பார்த்தாள். தன் குரலை அவள் எப்போதும் அங்கேதான் பார்த்திருக்கிறாள். பழித்துக்காட்டியவர்கள் தெருவில் நிறைய. வெளியே போனால் உதட்டை இறுக்கிக்கொண்டு நடப்பவள்.

இடது கை மெல்ல எழுந்தது. வாயைத் தொட்டது. காற்றைத் துடைத்தது.

அதை எடுத்துவிடு.

பிரசில்லா எடுத்துவிட்டாள். முடிவு தன்னுடையது இல்லை என்பதில் ஒரு சின்ன நிம்மதி. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கோப்பு போயிற்று.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"யக்கா, எல்லாம் புரிஞ்சிட்டு. ஒவ்வொரு விரலும் தெரியுது. அழுதுட்டேன். ஆனா அம்மா என்னயக் கூப்பிடுத சத்தம் எங்க? அதக் கேக்கத்தான தவிச்சிட்டு இருந்தேன்."

அம்மா முகவாயைத் தூக்கினாள். என்ன எழுதியிருக்கிறான்?

மறைத்திருக்கலாம். போன வருஷம் சேர்த்து எழுதியவள், இந்த வருஷம் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. முழுவதையும் கையால் சொன்னாள்.

அம்மா நம்பவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

சொன்னாள்.

அம்மா வாயைத் திறந்தாள். ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

"ஊஊ..."

நர்ஸ் ஓடிவந்தாள். "என்னம்மா, எங்க வலிக்கி?"

அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு முறை கூப்பிட்டாள், இன்னும் பலமாக. பிறகு இடது கையால் லேப்டாப்பைக் காட்டினாள்.

அனுப்பு.

அடுத்த கோப்புக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு ஆபரேஷன்.

பிரசில்லா தலையாட்டினாள். திரையை அம்மாவுக்குத் தெரியாதபடி திருப்பிவைத்து, கைக்கு வந்த ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள்.