மஞ்சள் பட்டன்

தல்கத் தன் இணையக் கடையின் 'வாங்கு' பட்டனைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"பாத்துக்கிட்டே இருங்க, லிலியா செர்கேயெவ்னா. இப்ப ஓடி வருவானுங்க."

எதிரே இருந்த லிலியா செர்கேயெவ்னா கிம் தலையை மட்டும் அசைத்தார். அல்மாத்தியில் பாதி இணையக் கடைகள் இந்த அம்மாள் போட்ட பணத்தில்தான் ஓடுகின்றன. இந்தக் கடையிலும் முதல் போடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்லத்தான் இன்று வந்திருந்தார். வேண்டாம் என்றால் தல்கத் இந்த மாதத்தோடு கடையை மூட வேண்டியதுதான்.

கடை என்றால், கணினி விளையாட்டில் வரும் கத்தி, துப்பாக்கி, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் விற்று வாங்குகிற இணையச் சந்தை. கையால் தொட முடியாத சரக்கு. துப்பாக்கிமேல் பூப்போட்டிருந்தால் அதற்கு ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை.

இதற்கெல்லாம் காசு கொடுக்கிறவர்கள்மேல் தல்கத்துக்கு மரியாதை கிடையாது. துளியும் கிடையாது. தான் ஒருநாளும் அந்த விளையாட்டைத் தொட்டதில்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான்.

"மூளை இருக்கறவன் படத்துல இருக்கற கத்தியை வாங்குவானா? இவனுங்களுக்குப் புதுசா எதையாவது காட்டணும், அவ்வளவுதான். போன மாசம் படத்தைப் பெருசாக்கினேன், விற்பனை ஏறிச்சு. அதுக்கு முன்னாடி தேடற பெட்டியை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளினேன். அதுக்கும் ஏறிச்சு. பெட்டியைத் தள்ளினதுக்கு. உப்புக்கட்டியைக் காட்டினா ஆடு வருமில்ல, அதே கதைதான்."

பால் ஊற்றிய தேநீர் லிலியா முன்னால் ஆடை கட்டிக் கிடந்தது.

முதல் விற்பனை விழுந்தது. ஒரு தொப்பி.

அடுத்து ஒரு கையுறை. அப்புறம் சடசடவென்று கத்தியும் துப்பாக்கியுமாக விற்க ஆரம்பித்தன. திரையில் விற்பனைக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது.

தல்கத் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். காரியம் முடிந்தது என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் லிலியா. "வாங்கினது யாருன்னு பாக்கலாமா?"

"யாரா இருந்தா என்ன, எல்லாம் ஒரே மந்தை," என்றபடியே திரையை அவர் பக்கம் திருப்பினான்.

அவர் முதல் பெயரை அழுத்தினார். கணக்குத் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. விளையாடிய நேரம் பூஜ்யம். அடுத்த ஆளும் பூஜ்யம். அதற்கடுத்த ஆளிடம் ஒரு படைக்கே போதுமான கத்திகள் இருந்தன. மனுஷர் விளையாட்டைக் கணினியில் ஏற்றக்கூட இல்லை.

"பாத்தீங்களா, விளையாடவே தெரியாத முட்டாளுங்க," என்று தல்கத் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

வாங்கியவர்கள் நாலு வரி எழுதுவதற்கு என்று கீழே ஒரு பெட்டி இருந்தது. அதுவும் தல்கத் செய்த முன்னேற்றம்தான். வைத்தானே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மந்தை கத்துவதை யார் உட்கார்ந்து கேட்பது?

லிலியா அதைத் திறந்து, வாய்விட்டே படித்தார்.

"தல்கத் கண்ணு, செமேய்லேர்ந்து நாகிமா அத்தை. இன்னைக்குப் பட்டன் மஞ்சளா மாறுதுன்னு உங்கம்மா குடும்பக் குரூப்புல போட்டிருந்தா. பாத்தேன், லட்சணமா இருக்கு. பாத்துட்டு வெறுங்கையோட போறதா? கொரிம்திக்கா ஒரு தொப்பி எடுத்திருக்கேன். எப்படித் தலையில போடறதுன்னுதான் தெரியலை."

அதற்குக் கீழே தராஸ் ஊர் மாமா. அதற்கும் கீழே கிசிலோர்தாவிலிருந்து அக்காவின் மாமியார், தன் பங்குக்கு ஒரு இயந்திரத் துப்பாக்கி.

புதுப்பெண், புதுக்குழந்தை, புதுவீடு, புதுக்கார், எதை முதன்முதலாகப் பார்த்தாலும் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள் நம் கசாக் ஆட்கள். அதுதான் கொரிம்திக். தல்கத் விடாமல் கடையைப் புதுசாக்கினான். அவன் அம்மா விடாமல் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்களும் பாவம், விடாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

லிலியா அடிவரை இறங்கிப் பார்த்தார். சொந்தம் இல்லாத ஒரு பெயரும் அகப்படவில்லை.

தல்கத்தின் காதுமடல்கள் பழுத்துவிட்டன. ஆடு, மந்தை, முட்டாள் என்று தன் வாயால் சொன்னதெல்லாம் நாகிமா அத்தையைத்தானா என்று நினைக்கவே கூசியது. அதைவிடவும் கூசியது, இவ்வளவு நாளும் அந்தக் கோட்டைப் பார்த்துத் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டது.

"இது ஒரு சின்னக் கோளாறு," என்றான். "கொஞ்சம் அவகாசம் குடுத்தீங்கன்னா..."

லிலியா எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். வாசல்வரை போனவர், என்னவோ யோசித்தவராக நின்று, கைப்பையிலிருந்து போனை எடுத்தார். அவன் கடையைத் திறந்து, இருப்பதிலேயே மலிவாக ஒரு ஸ்டிக்கரைத் தேடிப் பிடித்து, மஞ்சள் பட்டனை அழுத்தினார்.

தல்கத்துக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப முதல் போடறீங்களா?"

"இல்லப்பா," என்றார் லிலியா. "நானும் பாத்துட்டேன் இல்லையா?"