பழைய மருந்தும் புது மருந்தும்

பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் இரண்டு மருந்துகளில் எது மேல் என்று மயக்க மருந்து டாக்டர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பழையதைப் போட்டவர்களுக்கெல்லாம் கால் மரமரப்பு விட்டுவிட்டது. புதியதைப் போட்டவளுக்கோ, பிள்ளை பிறந்து இவ்வளவு நேரமாகியும் விடவில்லை. டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாயின் வலது முழங்காலில் ஐஸ்கட்டியை வைத்தாள்.

“சில்லுன்னு இருக்காம்மா?”

“ஒண்ணுமே தெரியல டாக்டர். மருந்துன்னா இதுல்ல மருந்து!”

தொட்டிலில் குழந்தை வீறிட்டு வலது காலை இழுத்துக்கொண்டது. டாக்டர் இடது முழங்காலுக்கு மாற்றினாள். குழந்தை இடது காலை இழுத்துக்கொண்டது.

“பசி போல,” என்றாள் தாய்.

டாக்டர் சட்டென்று ஐஸ்கட்டியைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. மருந்தே போட்டுக்கொள்ளாத அவளுக்கும் குளிரே தெரியவில்லை.

தொட்டிலில் குழந்தை, எதையோ கீழே போடப் பார்ப்பதுபோல், கையை உதறி உதறி அழுதது.