வாத்துக்காரன் பொம்மை

பஸ்ஸானோ நகரத்தில் பழம்பொருள் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பீங்கான் பொம்மையைப் பார்த்ததும் எர்சிலியா அப்படியே நின்றுவிட்டாள். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் கையால் செய்தது.

தொப்பை பெருத்த ஓர் ஆள். கக்கத்தில் வாத்து. வாத்தின் கழுத்தில் ஒரு பதக்கம்.

பக்கத்தில் ஒரு சீட்டு. ‘செய்தவர்: ஒரேஸ்தே ஸனெல்லா, நோவே, 1944. எழுத்து ஆதாரம் உண்டு.’

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரேஸ்தே அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி. அடுத்தவன் செய்த கிண்ணத்தில் தன் பெயரைக் கீறினான் என்பதற்காக ஒரு வேலைக்காரனை அன்றைக்கே பட்டறையை விட்டுத் துரத்தியவர்.

போர்க்காலத்தில் அவள் செய்த இந்தப் பொம்மை அவள் ஊரான நோவேயின் சாராயக்கடை ஜன்னலில் இரண்டு நாள் இருந்தது. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. மூன்றாம் நாள் அவள் டைபாய்டில் படுத்தாள். எழுந்தபோது, குண்டு விழுந்து ஜன்னலோடு பொம்மையும் போய்விட்டது என்றார்கள். மேஸ்திரியையும் காணோம். வீட்டில் ரேடியோ ஒளித்து வைத்திருந்ததாக முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். போர் முடிந்துதான் திரும்பி வந்தார்.

பொம்மைக்காக அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சமில்லை. அவள் செய்ததிலேயே நல்லது அதுதான்.

கடைக்குள் போகவில்லை. நேராக நோவே பஸ்ஸைப் பிடித்தாள்.

மேஸ்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பீனா அவருக்கு மக்காச்சோளக் களியான பொலெந்தாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

எர்சிலியா உட்காரவில்லை. “வாத்துக்காரன் பொம்மையைச் செஞ்சது யாரு?”

பீனாவின் கத்தி நின்றது.

“பஸ்ஸானோ கடையில இருக்கு. உங்க பேரு போட்டிருக்கு. எழுத்து ஆதாரம் வேற இருக்காம்.”

“ஆமா, கையெழுத்துப் போட்டேன்” என்றார் கிழவர். “விட்டுடு எர்சிலியா. பழைய கதை.”

மன்னிப்புக் கேட்பார், மழுப்பவாவது செய்வார் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினாள்.

“முகாம்ல பனியில விரல் போச்சு, அதுக்கப்புறம் உன்னால மண்ணைத் தொட முடியல. ஊரே பாவம்னு சொல்லிச்சு, நானும் சொன்னேன். நீ என்னடான்னா அதுக்கு முன்னாடியே என் வேலையைத் திருடிட்டுத்தான் போயிருக்க!”

பீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிழவர் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பத்திரிகையில் போடுவேன், தேவாலய வாசலில் நின்று சொல்வேன் என்று எர்சிலியா கத்தினாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

“என்ன வேணா செய். அந்தக் காகிதத்தை மட்டும் கேக்காத.”

அப்புறம் கேட்காமல் இருப்பாளா?

இன்றைக்கு நோவேயில் எர்சிலியாவுக்குத் தனிச் சூளை இருக்கிறது. மேயரிலிருந்து பாதிரியார் வரை அவள் கேலிப் பொம்மைக்குத் தப்பியவர் இல்லை. தங்கள் மூஞ்சியைப் பார்த்து முதலில் கோபப்பட்டு, பிறகு சிரித்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட கைக்கு முதல் பொம்மையே களவு போயிருக்கிறது என்றால் சும்மா விடுவதா?

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அங்கே நின்றாள். கடைக்காரர் மொராந்தின் முதலில் நழுவப் பார்த்தார். பொம்மையை விற்ற குடும்பத்துக்குச் சங்கடம், அதனால் காகிதத்தை யாருக்கும் காட்டுவதில்லை என்றார். வக்கீலோடு வருகிறேன் என்று அவள் சொன்னதும் அலமாரியைத் திறந்தார்.

பழுப்பேறிய ஒரே ஒரு தாள். அடியில் மேஸ்திரியின் கையெழுத்து. சந்தேகமே இல்லை.

“பாருங்க, அவரே ஒத்துக்கிட்டிருக்காரு” என்றார் மொராந்தின்.

எர்சிலியா மேலேயிருந்து படித்தாள். பாசிஸ்ட்களின் கறுப்புச் சட்டைப் படையின் முத்திரை. நவம்பர் 1944. விசாரணை வாக்குமூலம்.

‘படைத்தலைவரைத் தொப்பைக்காரனாகவும், அவரது பதக்கத்தை வாத்தின் கழுத்திலும் காட்டி அவமதித்த பொம்மையைச் செய்தது யார்?’

‘நான்.’

‘உன் பட்டறையில் வேலை செய்யும் பெண் என்று தகவல் வந்திருக்கிறதே?’

‘அவளுக்குக் கிண்ணம்கூடச் சரியாக வராது. நான்தான் செய்தேன்.’

கீழே தண்டனை: ஜெர்மனிக்கு, முகாமுக்கு.

படைத்தலைவன் செத்த பிறகு அவன் பெட்டியில் பொம்மையும் இந்தத் தாளும் ஒன்றாக இருந்தனவாம். மொராந்தின் சொல்லிக்கொண்டே போனார். அவள் காதில் எதுவும் விழவில்லை.

மறுபடியும் நோவே. மறுபடியும் அதே சமையலறை. இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆனாலும் கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“குண்டு விழுந்துச்சு, ரேடியோன்னு எதுக்கு மேஸ்திரி பொய் சொல்லச் சொன்னீங்க? சரி, அப்போ பயம். போர் முடிஞ்சு முப்பத்து மூணு வருஷமாச்சே. ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நேத்து அவ்வளவு பேசினேனே, அப்பவாவது?”

கிழவர் சிரித்தார்.

“சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் ஒரு மூஞ்சியையாவது நீ துணிஞ்சு பண்ணியிருப்பியா?”